தானாகப் பந்தயம் கட்டும் ‘ஸ்கிரிப்ட்’: யாருக்காக உழைக்கிறது?

அந்தக் காணொளிகள் அநேகமாக இப்படித்தான் ஆரம்பிக்கும். மடிக்கணினித் திரையில் ஒரு சூதாட்டத் தளம் திறந்திருக்கிறது. பக்கத்தில் சில வரி நிரல். யாரும் எதையும் தொடவில்லை. பந்தயம் தானாகவே கட்டப்படுகிறது. பச்சை நிறத்தில் இலாபம் ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் நித்திரை கொள்ளும்போதும் இது உழைக்கும் என்கிறது பின்னணிக் குரல். கீழே ஒரு பதிவு இணைப்பு, ஒரு புரொமோ கோட், ஒரு ரெலிகிராம் குழு.

இதை ‘ஸ்கிரிப்ட்’ என்றும் ‘பொட்’ என்றும் சொல்கிறார்கள். விசயம் பெரிதல்ல. ஒன்லைன் சூதாட்டத் தளத்தில் மனிதன் கையால் அழுத்தும் பொத்தானை, முன்கூட்டியே எழுதப்பட்ட கட்டளைகளின்படி தானாக அழுத்தும் சிறு நிரல். சிலர் அதை விலைக்கு விற்கிறார்கள். சிலர் இலவசம் என்கிறார்கள். ஆனால் தாங்கள் தரும் இணைப்பின் வழியே பதிவு செய்து, காசும் வைப்பிலிட்ட பிறகுதான் தருவார்கள்.

இதில் போய் விழுபவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எங்கள் பக்கத்தில் அது முழு உண்மையுமல்ல. வீடு, தோட்டம், நகை, வள்ளம், வலை என்று சேர்த்ததை ஒரு தடவையல்ல, இரண்டு மூன்று தடவை இழந்து, 2009 இற்குப் பிறகு மறுபடியும் வெறுங்கையோடு தொடங்கிய குடும்பங்கள் இவை. கிழமைக்கொரு தவணை கேட்டு வாசலுக்கு வரும் நுண்கடன், அடகுக்குப் போய் மீளாத தாலிக்கொடி, வெளிநாட்டிலிருந்து அண்ணனோ மச்சானோ அனுப்பும் காசை நம்பி ஓடும் வீடு. ஆறுதலாகச் சேர்த்து மேலே வரலாம் என்ற நம்பிக்கையை வாழ்க்கையே பலமுறை பொய்யாக்கிய இடத்தில், ஒரே அடியில் மீண்டு விடலாம் என்ற பேச்சு எடுபடும். அதை விற்பவர்களுக்கும் இது தெரியும். ஆகவே “ஆசைப்படாதே” என்று புத்தி சொல்வதைவிட, அந்த நிரலுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் திறந்து பார்ப்பது பயன்.

உள்ளே இருப்பது பழைய கணக்கு

பெரும்பாலான ஸ்கிரிப்ட்டுகளுக்குள் இருப்பது புதிய தொழில்நுட்பம் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சின் சூதாடிகளிடம் புழங்கிய ‘மார்ட்டிங்கேல்’ என்ற முறையும் அதன் பேரப்பிள்ளைகளும்தான். தோற்றால் அடுத்த பந்தயத்தை இரட்டிப்பாக்கு. வென்றதும் ஆரம்பத் தொகைக்குத் திரும்பு. 100 ரூபா கட்டித் தோற்றால் அடுத்து 200. அதுவும் போனால் 400. பிறகு 800. எந்த இடத்தில் வென்றாலும் அதுவரை இழந்தது முழுவதும் திரும்பி வந்து, மேலே 100 ரூபா மிஞ்சும். கொப்பியில் எழுதிப் பார்த்தால் பிழையே இல்லாத மாதிரித் தெரியும். எப்படியும் ஒரு தடவை வெல்லத்தானே வேண்டும்?

வெல்லத்தான் வேண்டும். ஆனால் அதுவரை கையில் காசு இருக்க வேண்டும். பத்து முறை தொடர்ந்து தோற்றால் போன தொகை 102,300 ரூபா. பதினோராவது தடவை 102,400 ரூபா கட்ட வேண்டும், வெறும் 100 ரூபா இலாபத்துக்காக. அந்த இடத்தில் ஒன்றில் உங்கள் காசு முடிந்திருக்கும், அல்லது ஒரு பந்தயத்துக்குத் தளம் வைத்திருக்கும் உச்ச வரம்பு உங்களை நிறுத்தும்.

பத்துத் தடவை தொடர்ந்து தோற்பது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். ரூலட்டை எடுத்துக்கொள்வோம், கணக்கு நேரானது. ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒன்று பச்சை. சிவப்பில் கட்டினால் 37 இல் 18 வாய்ப்பு வெற்றிக்கு, 19 தோல்விக்கு. வென்றால் கட்டிய அளவே இலாபம். அந்த ஒரேயொரு பச்சைக் குழிதான் கசினோவின் வருமானம்: கட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் சராசரியாக 2 ரூபா 70 சதம்.

இனி சாதாரண தரத்தில் படித்த நிகழ்தகவு போதும். 37 இல் 19 என்பதைப் பத்துத் தடவை பெருக்கினால், பத்தும் தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 784 இல் 1. கேட்கும்போது அரிதாகத்தான் படுகிறது. 100 ரூபாவில் தொடங்கி ஒரு வெற்றியிலோ பத்தாவது தோல்வியிலோ முடிவதை ஒரு ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். 784 ஓட்டங்களில் சராசரியாக 783 இல் 100 ரூபா வீதம் வெல்வீர்கள். மொத்தம் 78,300 ரூபா. மீதி ஒரேயொரு ஓட்டத்தில் 102,300 ரூபா போகும். கழித்துப் பாருங்கள்: 24,000 ரூபா நட்டம். 783 தடவை வென்ற ஒருவர் நட்டத்தில் நிற்கிறார்.

ஸ்கிரிப்ட் உண்மையில் மாற்றுவது வேகத்தை மட்டுமே. ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக இரண்டு சுழற்சிகள் தேவை. 784 ஓட்டங்களுக்கு ஏறத்தாழ 1,600 சுழற்சிகள். உண்மையான கசினோ மேசையில் மணித்தியாலத்துக்குச் சுமார் 40 சுழற்சிதான் நடக்கும். அங்கே இந்த அடி விழ 40 மணித்தியாலம் வரை போகலாம். ஆறு விநாடிக்கு ஒரு பந்தயம் கட்டும் ஸ்கிரிப்ட் மணித்தியாலத்துக்கு 600 பந்தயம் கட்டும். மூன்று மணித்தியாலத்துக்குள் அதே இடத்துக்குக் கொண்டுபோய் விடும். நீங்கள் நித்திரை கொள்ளும்போதும் உழைக்கும் என்று சொன்னது பொய்யல்ல.

இது ஒரு இலட்சம் கையில் வைத்திருப்பவரின் கதை. எங்களில் எத்தனை பேரிடம் சூதுக்கென்று ஒரு இலட்சம் ஒதுக்கக் கிடக்கிறது? 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது வைத்த எல்லையே ஒரு இலட்சம் ரூபாதான். அநேகர் தொடங்குவது பத்து, பன்னிரண்டாயிரத்தோடு. 12,700 ரூபா இருந்தால் ஏழு தோல்வியைத்தான் தாங்கலாம். ஏழும் தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 106 இல் 1. அதே ஆறு விநாடிக் கணக்கில் பார்த்தால், சராசரியாக இருபது நிமிடம் சொச்சத்தில் அந்த ஏழு தொடர் தோல்வியும் வந்து, 12,700 ரூபா போய்விடும்.

காணொளியில் வருவது பொய்யா?

பல சமயம் பொய்யே இல்லை. அதுதான் இதிலுள்ள சிக்கல். மேலே சொன்ன ஒரு இலட்சத்து இரண்டாயிரம் ரூபாவோடு பத்துப் பேர் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் இந்த ஸ்கிரிப்ட்டை ஓடவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின்படி ஏறத்தாழ ஏழு பேர் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தப்பிக் கடப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் 29,000 ரூபா அளவில் இலாபம் இருக்கும். மூன்று பேர் வைத்த காசைப் பறிகொடுத்திருப்பார்கள். வென்ற ஏழு பேரின் இலாபம் எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சத்துச் சொச்சம். தோற்ற மூவரும் விழுவதற்கு முன் வென்ற சில்லறையைக் கழித்தாலும் அவர்களது நட்டம் இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். இடைவெளி கசினோவுக்கு.

இப்போது யார் காணொளி போடுவார்கள்? ஏழு பேரும் போடுவார்கள், உண்மையான திரைப்பதிவோடு, உண்மையான பற்றுச்சீட்டோடு. தோற்ற மூவர் வீட்டுக்காரருக்கே சொல்லமாட்டார்கள். பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் வெற்றி. அந்த ஏழு பேரும் அடுத்த நாள் மறுபடி ஓடவிட்டால் என்ன நடந்தது என்பதற்குக் காணொளி இருக்காது.

தோல்வி நீளமாக வராது, இத்தனை தடவை கறுப்பு வந்தால் அடுத்தது சிவப்புத்தான் என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தே வரும். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. 1913 ஓகஸ்ட் 18 அன்று மொன்டே கார்லோ கசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போனவர்கள் அன்றிரவு பெருந்தொகை இழந்தார்கள். 100 ரூபாவில் தொடங்கி 26 தடவை இரட்டிப்பாக்கித் தோற்றால் போகும் தொகை 671 கோடி ரூபா.

“எங்களுடைய ஸ்கிரிப்ட் அப்படியானதல்ல; இத்தனை தோல்விக்குப் பிறகு தானே நிறுத்தும், செயற்கை நுண்ணறிவு சேர்த்திருக்கிறோம்” என்பார்கள். எட்டாவது தோல்வியில் நிறுத்தினால் நட்டம் சிறிதாகும், ஆனால் அடிக்கடி வரும். பந்தயத் தொகையை எப்படிக் கூட்டினாலும் குறைத்தாலும், எந்த ஒழுங்கில் அடுக்கினாலும், நீண்ட ஓட்டத்தில் எதிர்பார்க்க வேண்டிய நட்டம் ஒன்றுதான்: கட்டிய மொத்தத் தொகையில் கசினோவின் பங்கு. ரூலட்டில் அது 2.7 வீதம். ஸ்கிரிப்ட் செய்வது கட்டும் மொத்தத் தொகையைக் கூட்டுவது.

கசினோ ஏன் கோபப்படவில்லை?

எனக்கு மிகவும் வலுவாகப் படும் சான்று கணிதம்கூட அல்ல. கசினோக்களின் நடத்தை. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் 1962 இல் வெளியிட்ட நூலில், பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் வெளியேறிய சீட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தால் ஆட்டக்காரர் பக்கம் சாதகம் திரும்பும் என்று காட்டினார். அது உண்மையான சாதகம். கசினோக்கள் என்ன செய்தன? சீட்டுக்கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டின, எண்ணுபவர்களை அடையாளம் கண்டு வாசலுக்கு வெளியே அனுப்பின. இன்றும் அனுப்புகின்றன.

தானியங்கிப் பந்தயத்துக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. பிட்கொயினில் இயங்கும் பகடைத் தளங்களான பிரைம்டைஸ், ஸ்டேக் போன்றவை ‘ஓட்டோபெட்’ என்ற வசதியைத் தாங்களே வைத்திருக்கின்றன. தோற்றால் பந்தயத்தை இத்தனை வீதம் கூட்டு என்று நிரப்புவதற்கு அங்கேயே பெட்டி உண்டு. பஸ்டாபிட் என்ற தளம் ஒரு படி மேலே போய், ஆட்டக்காரர் தாமே ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட இடம் தந்தது. பகடைத் தளங்கள் எடுக்கும் பங்கு 1 வீதம் அளவில்தான். சிறிதாகத் தெரியும். விநாடிக்கு விநாடி கட்டினால் சிறிதல்ல. தனக்கு நட்டம் தரும் கருவியைத் தன் கடையிலேயே இலவசமாக வைத்திருக்கும் வியாபாரி எங்கே இருக்கிறார்?

இன்னும் சில தளங்கள் வெளியாருடைய பொட்களைத் தங்கள் விதிமுறைகளில் தடைசெய்திருக்கின்றன. அதிலும் ஆட்டக்காரருக்கு நன்மை இல்லை. பொட் பாவித்துத் தோற்றால் காசு அவர்களுக்கு. வென்று மீளக் கேட்டால் விதியைக் காட்டிக் கணக்கை முடக்கலாம். தளம் ஏதோ ஒரு தீவில் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கும். கிளிநொச்சியில் இருந்துகொண்டு யாரிடம் போய் முறையிடுவது?

விமானம் பறக்கும் விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைபேசியில் பலரைப் பிடித்திருப்பது அதுதான். ஏவியேட்டர் 2019 இல் வந்தது. விமானம் ஏற ஏறப் பெருக்கம் கூடும். அது மறைந்து போவதற்கு முன் காசை எடுத்துவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும் வீதம் 97 என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். 3 வீதம் அவர்கள் பக்கம். இதற்குத்தான் ‘பிரெடிக்டர்’ என்ற பெயரில் செயலிகளை விற்கிறார்கள், அடுத்த தடவை எந்த உயரத்தில் மறையும் என்று முன்கூட்டிச் சொல்லுமாம். அந்த முடிவு ஒவ்வொரு சுற்றுக்கும் இரகசிய எண்களிலிருந்து குறியாக்கக் கணிதத்தால் தளத்தின் சேர்வரில் பிறக்கிறது. சுற்று தொடங்குவதற்கு முன் வெளியே தெரிவது அந்த எண்ணின் ‘ஹாஷ்’ மட்டும். அரக்கு வைத்து ஒட்டிய கடித உறை மாதிரி. உறையைப் பார்த்து உள்ளே எழுதியதைச் சொல்ல முடியாது. முடிகிற ஒருவர் உலகிலுள்ள வங்கிகளின் பூட்டுகளையே ஆட்டங்காண வைக்கலாம். அவர் ரெலிகிராமில் ஐயாயிரம் ரூபாவுக்குச் செயலி விற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

அப்படியானால் விற்பவருக்கு என்ன வருமானம்?

அந்தப் பதிவு இணைப்பும் புரொமோ கோடும்தான். சூதாட்டத் தளங்கள் ‘பங்காளர் திட்டம்’ என்று வைத்திருக்கின்றன. உங்கள் இணைப்பின் வழியே வந்தவர் காசு வைப்பிலிட்டால் தலைக்கு ஒரு தொகை தரப்படும். அல்லது அவர் இழக்கும் காசில் ஒரு பங்கு தரப்படும். இந்தப் பங்கு 25 முதல் 40 வீதம் வரை இருப்பது இத்தொழிலில் சாதாரணம். இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அக்கா, அண்ணா என்று குரல் பதிவில் கூப்பிட்டு, “பயப்படாதீங்கோ, நான் வழிகாட்டுறன்” என்று சொல்பவருக்குக் காசு வருவது நீங்கள் வெல்லும்போது அல்ல. நீங்கள் தோற்கும்போது. விரைவாகவும் நிறையவும் தோற்கச் செய்யும் ஒரு கருவியை அவர் இலவசமாகத் தருவதில் ஆச்சரியம் என்ன?

சிலருக்குத் தளமே விளம்பரக் கணக்குத் தருகிறது. அதில் ஓடுவது உண்மையான காசல்ல. காணொளியில் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஸ்கிரிப்ட்டே திருடனாக இருக்கும் வகையும் உண்டு. உலாவியில் அந்நிய நிரலை ஒட்டினால், நீங்கள் உள்நுழைந்திருக்கும் கணக்கில் நீங்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அந்த நிரலும் செய்யலாம், மீதியை வேறொருவருக்கு அனுப்புவது உட்பட. பேஸ்புக்கில் நிரல் ஒட்டும் அந்த இடத்தைத் திறந்தால், “நிறுத்துங்கள்” என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வருவது இதற்காகத்தான். கைபேசியில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கும் செயலி குறுஞ்செய்திகளை வாசிக்க அனுமதி கேட்டால், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தையும் அது வாசிக்கும்.

தானாக இயங்கும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற வாக்கை இலங்கை ஏற்கனவே ஒரு தடவை வாங்கிப் பார்த்தது. எம்.ரி.எவ்.ஈ. என்ற செயலி செயற்கை நுண்ணறிவால் தானாக வர்த்தகம் செய்து நாளாந்தம் இலாபம் தருவதாகச் சொன்னது. 2023 ஓகஸ்ட்டில் காசு மீளப் பெற முடியாமல் போனது. பிறகு கணக்குகளில் மீதி இருந்த இடத்தில் மறைப் பெறுமானம் தோன்றியது. அதாவது, வைப்பிலிட்டவரே கடன்காரர். பழி போடப்பட்டது அந்தத் ‘தானியங்கி வர்த்தகத்தின்’ மேல். வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் மத்திய வங்கி அதையும் சேர்த்தது. சூதாட்ட ஸ்கிரிப்ட் பிரமிட் திட்டம் அல்ல. ஆனால் இரண்டிலும் ஒரே வசதி: நட்டம் வந்தால் மனிதர் யாரும் பொறுப்பில்லை, இயந்திரம் செய்தது.

வங்கிக் கணக்கு விசயத்தை எங்கள் வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பல தளங்களுக்கு இங்கே காசு போவது முகவர் சொல்லும் யாரோ ஒரு தனியாளின் கணக்குக்கு. அந்தக் கணக்குகள் அடிக்கடி மாறும். இதற்காக இளைஞர்களிடம் கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்கள்: அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் தந்தால் மாதம் ஒரு தொகை. அந்தக் கணக்கினூடாகப் பாயும் காசு யாருடையது என்று கணக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. சட்டத்துக்கு முன் பெயர் அவருடையது. 2006 இன் 5 ஆம் இலக்க பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் இருக்கிறது. புனர்வாழ்வு பெற்றவர் இருக்கும் வீடு, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் வீடு, விசாரணைக்கு என்று ஏற்கனவே ஆள் வந்துபோகும் வீடு. இப்படியான ஒரு வீட்டில், எங்கிருந்தோ வந்து எங்கோ போன இலட்சங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் நிலைமை எப்படியிருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. கணக்கை எவருக்கும், உறவினருக்கும்கூட, கொடுக்கக்கூடாது.

ஏற்கனவே காசு போட்டுவிட்டவர்களுக்குச் சில விடயங்கள். “இன்னும் கொஞ்சம் வைப்பிலிட்டால் முந்தியதையும் எடுக்கலாம்” என்று சொன்னால், அந்த ‘இன்னும் கொஞ்சத்தை’ நிறுத்துங்கள். குரல் பதிவுகள், உரையாடல்கள், வைப்புப் பற்றுச்சீட்டுகள், பெற்றவரின் கணக்கு இலக்கம் எதையும் அழிக்க வேண்டாம். செயலியை நீக்கி, வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கைபேசியிலிருந்து மாற்றி, அன்றே வங்கிக்கு அறிவியுங்கள். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவை 101 இல் அழைக்கலாம். கடனும் வெட்கமும் சேர்ந்து நித்திரை இல்லாமல் போனால், அல்லது வீட்டில் ஒருவர் அப்படி இருப்பதாகப்பட்டால், தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

காசு இழந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அந்தக் குழுக்களில் கைமாறும். சில கிழமைகளில் வேறொருவர் தொடர்புகொள்வார். இழந்த காசை மீட்டுத் தரும் நிறுவனம் என்பார், சட்டத்தரணி என்பார், சில நேரம் பொலிஸ் என்பார். மீட்ட காசு தயாராக இருக்கிறது, விடுவிக்க ஒரு சிறு கட்டணம் அல்லது வரி மட்டும் முதலில் கட்ட வேண்டும் என்பார். அவர் கேட்கும் கணக்கு இலக்கத்தைப் பழைய பற்றுச்சீட்டுகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.